ஓடுபாதையே தேவையில்லை... நின்ற இடத்திலிருந்து மேலெழும்பும் போர் விமானம்! எப்படிச் சாத்தியம்? இந்தியா ஏன் விட்டது?

2025 ஜூன் 14-ம் தேதி இரவு, பிரிட்டனின் எச்.எம்.எஸ். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கப்பலில் இருந்து கிளம்பிய எஃப்-35பி போர் விமானம் ஒன்று திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவசரமாகத் தரையிறங்கியது. ஹைட்ராலிக் கோளாறு காரணமாக ஜூலை 22 வரை, 38 நாட்கள் அங்கேயே நின்றது. மழையில் நனைந்த அந்த விமானத்தை வைத்து மீம்ஸ் பறந்தன. கேரள சுற்றுலாத் துறையே கிண்டலாக ஒரு விளம்பரம் போட்டது.

அந்த 38 நாட்களில் பலரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "இது ஹெலிகாப்டர் மாதிரி நேரா மேலே ஏறுமாமே, நேரா கீழே இறங்குமாமே... உண்மையா?" உண்மைதான். இன்னொரு தகவல் பலருக்குத் தெரியாது. இந்த வகை ஜெட் விமானங்களை இந்தியக் கடற்படை 33 ஆண்டுகள் ஓட்டியிருக்கிறது. 2016-ல்தான் விடை கொடுத்தது.

ஜெட் போர் விமானம் செங்குத்தாக எழும்புவது எப்படி? உலகம் முழுக்க எத்தனை சோதனை விமானங்கள் தோற்றன? இந்தியாவின் அனுபவம் என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

ஓடுபாதை இருக்கும்போது இது எதுக்கு?

போர் என்று வந்தால் எதிரி முதலில் குறிவைப்பது விமானங்களை அல்ல, ஓடுபாதையை. ஓடுபாதையில் நாலு குழி விழுந்தால் போதும், அங்கே நிற்கும் அத்தனை விமானங்களும் வெறும் இரும்புதான்.

1971 டிசம்பர் 3-ம் தேதி மாலை பாகிஸ்தான் விமானப்படை இந்திய விமான தளங்களைத் தாக்கித்தான் போரைத் தொடங்கியது. அந்தப் போரில் குஜராத்தின் புஜ் விமான தள ஓடுபாதை குண்டுவீச்சில் சேதமானது. பக்கத்து மாதாபர் கிராமத்தைச் சேர்ந்த சுமார் 300 பெண்கள் இரவு பகலாக வேலை செய்து அதைச் சீரமைத்த கதை இன்றும் பேசப்படுகிறது. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூரின்போதும் பாகிஸ்தானின் விமான தளங்கள் தாக்கப்பட்டன. ரஹீம் யார் கான் தளத்தின் ஓடுபாதை மூடப்பட்டது.

1950-களில் ஐரோப்பிய நாடுகளுக்கு இருந்த பயம் இதைவிடப் பெரியது. சோவியத் யூனியன் அணுகுண்டு போட்டால் ஒரே நாளில் எல்லா ஓடுபாதைகளும் காலி. அப்போ, ஓடுபாதையே இல்லாமல் காட்டுக்குள்ளிருந்தும் சாலையோரத்திலிருந்தும் கிளம்பும் ஜெட் விமானம் இருந்தால்? அந்தக் கேள்விதான் 20 ஆண்டுகால சோதனைகளுக்கு விதை போட்டது.

கடற்படைக்கு வேறொரு கணக்கு. ஓடுபாதை வேண்டாம் என்றால் பெரிய விமானம் தாங்கிக் கப்பலும் வேண்டாம். சின்னக் கப்பலிலிருந்தே ஜெட் விமானங்களை இயக்கலாம்.

அடிப்படைக் கணக்கு ரொம்ப சிம்பிள்

சாதாரண விமானத்தை மேலே தூக்குவது எஞ்சின் அல்ல, இறக்கை. எஞ்சின் விமானத்தை முன்னால் தள்ளுகிறது. வேகம் கூடும்போது இறக்கையின் மேல் ஓடும் காற்று விமானத்தைத் தூக்குகிறது. அந்த வேகத்தை எட்டத்தான் நீண்ட ஓடுபாதை தேவை.

ஓடாமல் எழும்பணும்னா இறக்கையால் பயன் இல்லை. மொத்த எடையையும் எஞ்சினே தூக்க வேண்டும். அதாவது, எஞ்சினின் உந்துவிசை விமானத்தின் எடையைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

நம்ம தேஜஸ் விமானத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் அதிகபட்ச எடை சுமார் 13.5 டன். எஞ்சின் தரும் அதிகபட்ச உந்துவிசை சுமார் 8.6 டன். ஓடுபாதையில் ஓடி இறக்கையின் உதவியோடு பறக்க இது தாராளம். ஆனால் முழு எடையோடு நின்ற இடத்திலிருந்து மேலே தூக்க இது போதாது.

சரி, எஞ்சினைப் பெரிதாக்கினால் போதுமா? அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. எஞ்சின் பெரிதானால் எடையும் கூடும், எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். இன்னொன்று, விமானம் காற்றில் அசையாமல் நிற்கும்போது இறக்கை, வால் பகுதியில் உள்ள கட்டுப்பாட்டுத் தகடுகள் எதுவும் வேலை செய்யாது. அவற்றின் மேல் காற்றே ஓடாதே! அப்படியென்றால் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் நிமிர்த்துவது எப்படி? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடி பல நாடுகள் பல வழிகளில் முயன்றன.

தோற்றுப்போன முயற்சிகள்

வழி ஒன்று: விமானத்தையே ராக்கெட் மாதிரி நிமிர்த்தி நிறுத்துவது. அமெரிக்காவின் ரையான் எக்ஸ்-13 இப்படித்தான் செய்தது. ஒரு லாரியின் மேல் செங்குத்தாகத் தூக்கி நிறுத்திய மேடையில் கொக்கி போட்டுத் தொங்கும். அங்கிருந்து எழும்பி, காற்றில் படுத்துப் பறந்து, திரும்பவும் நிமிர்ந்து வந்து கொக்கியில் மாட்டிக்கொள்ளும். 1957-ல் இதை வெற்றிகரமாகச் செய்தும் காட்டினார்கள். ஆனால் விமானி மல்லாந்து படுத்த நிலையில், கீழே என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் இறங்க வேண்டும். போர்க்களத்துக்கு இது சரிப்படவில்லை.

வழி இரண்டு: மேலே தூக்குவதற்கென்று தனியாகச் சின்னச் சின்ன எஞ்சின்களைப் பொருத்துவது. பிரிட்டனின் ஷார்ட் எஸ்.சி.1 விமானத்தில் தூக்குவதற்கு 4, முன்னால் தள்ள 1 என மொத்தம் 5 எஞ்சின்கள். பிரான்ஸின் டசால்ட் நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், மிராஜ் 3-வி விமானத்தில் தூக்க 8, பறக்க 1 என 9 எஞ்சின்களைப் பொருத்தியது. 1966-ல் அது ஒலியைப் போல் இரண்டு மடங்கு வேகத்தைத் தாண்டியது. ஆனால் அந்த 8 எஞ்சின்களும் எழும்பும்போதும் இறங்கும்போதும் மட்டும்தான் பயன்படும். மற்ற நேரமெல்லாம் சும்மா சுமந்துகொண்டு போகும் பாரம். எரிபொருளுக்கும் ஆயுதத்துக்கும் இடமில்லை. இதற்கு முன்னோடியாக உருவாக்கப்பட்ட பால்சாக் சோதனை விமானம் 1964-லும் 1965-லும் விபத்துக்குள்ளாகி, இரண்டு முறையும் விமானிகள் உயிரிழந்தனர்.

வழி மூன்று: எஞ்சினையே திருப்புவது. மேற்கு ஜெர்மனியின் வி.ஜே.101சி விமானத்தில் இறக்கை முனைகளில் எஞ்சின்கள். அவை மேலும் கீழும் சுழலும். 1964-ல் ஒலியின் வேகத்தையும் தாண்டியது. சோதனை அளவிலேயே கதை முடிந்தது.

அமெரிக்காவின் எக்ஸ்.எஃப்.வி-12 இன்னும் பரிதாபம். எஞ்சின் புகையை இறக்கைக்குள் செலுத்தி, இறக்கை வழியாகக் கீழே தள்ளித் தூக்கலாம் என்று திட்டம். 1970-களின் கடைசியில் சோதித்தபோது தன் எடையைக்கூட அதனால் தூக்க முடியவில்லை. திட்டம் கைவிடப்பட்டது.

ஜெயித்தது ஒரே ஒரு ஐடியா

மற்றவர்கள் எஞ்சின்களைக் கூட்டிக்கொண்டே போனபோது, பிரான்ஸைச் சேர்ந்த வடிவமைப்பாளர் மிஷெல் விபோ வேறு கோணத்தில் யோசித்தார். ஒரே எஞ்சின். அதிலிருந்து வரும் காற்றை மட்டும் திருப்பினால் என்ன?

பிரிட்டனின் பிரிஸ்டல் நிறுவனம் இந்த யோசனையை எடுத்துக்கொண்டு பெகாசஸ் எஞ்சினை உருவாக்கியது. அதைச் சுற்றி ஹாக்கர் நிறுவனம் பி.1127 என்ற சோதனை விமானத்தைக் கட்டியது. எஞ்சினின் இரு பக்கமும் முன்னால் 2, பின்னால் 2 என நான்கு சுழலும் குழாய்கள். முன்பக்கக் குழாய்களில் எஞ்சின் விசிறி தள்ளும் காற்று வரும். பின்பக்கக் குழாய்களில் எரிந்த சூடான வாயு வரும். நான்கையும் கீழ்நோக்கித் திருப்பினால் விமானம் மேலே எழும்பும். மெல்லப் பின்னோக்கித் திருப்பினால் முன்னால் பறக்கும். விமானியின் அறையில் இதற்கென்று கூடுதலாக இருந்தது ஒரே ஒரு நெம்புகோல். அவ்வளவுதான்!

சாய்ந்தால் நிமிர்த்துவதற்கு? எஞ்சினிலிருந்து கொஞ்சம் காற்றை எடுத்து மூக்கு, வால், இறக்கை முனைகளில் உள்ள சின்னத் துளைகள் வழியாகப் பீய்ச்சினார்கள். இடது பக்கம் சாய்ந்தால் இடது இறக்கை முனையில் கீழ்நோக்கிக் காற்று. அது தூக்கி நிமிர்த்திவிடும்.

1960 அக்டோபர் 21-ம் தேதி, கயிறுகளால் தரையோடு கட்டப்பட்ட நிலையில் பி.1127 முதல்முறையாக எழும்பியது. ஓட்டியவர் பில் பெட்ஃபோர்ட். 1961 செப்டம்பரில் செங்குத்தாக எழும்பி, முன்னால் பறந்து, மீண்டும் செங்குத்தாக இறங்கும் முழுச் சுற்றும் வெற்றி பெற்றது. 1963 பிப்ரவரியில் ஆர்க் ராயல் விமானம் தாங்கிக் கப்பலில் இறங்கியது. இந்தச் சோதனை விமானம்தான் 1969-ல் ஹாரியர் என்ற பெயரில் பிரிட்டன் விமானப்படையில் சேர்ந்தது. அதன் கடற்படை வடிவம்தான் சீ ஹாரியர்.

நம்ம ஊர்க் கடற்படைக்கு வந்த கதை

1961-ல் இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். விக்ராந்த் சுமார் 20,000 டன் எடையுள்ள சின்னக் கப்பல். அதிலிருந்து பறந்த சீ ஹாக் ஜெட் விமானங்கள் 1971 போரில் சிட்டகாங், காக்ஸ் பஜார் துறைமுகங்களைத் தாக்கின. ஆனால் 1970-களில் அவை பழசாகிவிட்டன. புதிய தலைமுறை ஜெட் விமானங்களோ பெரியவை, கனமானவை. விக்ராந்தின் தளம் அவற்றுக்குப் போதாது. கப்பலை ஓரங்கட்டணும், இல்லைன்னா சின்னத் தளத்தில் இறங்கும் விமானத்தைத் தேடணும்.

1972-ல் ஜான் ஃபார்லி என்ற பிரிட்டன் சோதனை விமானி ஒரு ஹாரியரை இந்தியாவுக்கு ஓட்டி வந்து, விக்ராந்தில் இறக்கிக் காட்டினார். ஆனாலும் முடிவெடுக்க வருடங்கள் ஓடின. ஒருவழியாக 6 சீ ஹாரியர்களும் 2 பயிற்சி விமானங்களும் ஆர்டர் செய்யப்பட்டன.

1983 டிசம்பர் 16-ம் தேதி முதல் 3 விமானங்கள் கோவா வந்து சேர்ந்தன. நான்கே நாளில், டிசம்பர் 20-ம் தேதி, விக்ராந்தின் தளத்தில் முதல் சீ ஹாரியர் இறங்கியது. ஓட்டியவர் அருண் பிரகாஷ். 'வெள்ளைப் புலிகள்' என்று அழைக்கப்படும் 300-வது படைப்பிரிவின் தலைவர். பின்னாளில் இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியானவர் இவர்தான்.

1987-ல் இரண்டாவது விமானம் தாங்கிக் கப்பலாக ஐ.என்.எஸ். விராட் வந்தது. அது வேறு எதுவுமல்ல, 1982 ஃபாக்லாந்து போரில் பிரிட்டன் படைக்குத் தலைமை தாங்கிய எச்.எம்.எஸ். ஹெர்ம்ஸ் கப்பல். அந்தப் போரில் சீ ஹாரியர்கள் வான் சண்டையில் ஒன்றைக்கூட இழக்காமல் அர்ஜென்டினா விமானங்களை வீழ்த்தியிருந்தன. மொத்தத்தில் இந்தியா சுமார் 30 சீ ஹாரியர்களை வாங்கியது.

'செங்குத்தாக எழும்பும்' என்பது பாதி உண்மைதான்

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். இந்த விமானங்கள் செங்குத்தாக இறங்கும். ஆனால் போருக்குப் போகும்போது பெரும்பாலும் செங்குத்தாக எழும்பாது. ஏன்?

கணக்கைப் பாருங்கள். சீ ஹாரியரின் வெறும் எடை சுமார் 6.6 டன். எஞ்சின் உந்துவிசை சுமார் 9.75 டன். மிச்சம் 3 டன். உள் தொட்டிகளில் முழுசா எரிபொருள் நிரப்பினாலே 2 டன்னுக்கு மேல் போய்விடும். பிறகு ஏவுகணை, குண்டு, துப்பாக்கி எல்லாம் எங்கே வைப்பது?

போதாக்குறைக்கு நம்ம ஊர் வெயில். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. எஞ்சினுக்குள் போகும் காற்று குறைந்தால் உந்துவிசையும் குறையும். குளிரான பிரிட்டனில் தூக்குகிற எடையை, கத்திரி வெயிலில் தூக்காது. இதைச் சமாளிக்க எஞ்சினுக்குள் தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடு இருந்தது. சுமார் 227 லிட்டர் தொட்டி. ஒன்றரை நிமிடத்தில் காலியாகிவிடும். அதற்குள் இறங்கிவிட வேண்டும்.

தீர்வு கண்டவர் டக் டெய்லர் என்ற பிரிட்டன் கடற்படை அதிகாரி. கப்பல் தளத்தின் முனையை மேல்நோக்கி வளைத்துவிட்டால் போதும் என்றார். சறுக்குமரத்தைத் திருப்பிப் போட்டது மாதிரி. விமானம் கொஞ்ச தூரம் ஓடி, அந்தச் சரிவில் ஏறி, மேல்நோக்கித் தூக்கி எறியப்படும். 'ஸ்கை ஜம்ப்' என்று பெயர். விராட் கப்பலில் இந்தச் சரிவு 12 டிகிரி. இதனால் கூடுதலாக எரிபொருளும் ஆயுதமும் ஏற்ற முடிந்தது. திரும்பி வரும்போது எரிபொருள் தீர்ந்து எடை குறைந்திருக்கும். அப்போது செங்குத்தாக இறங்கலாம்.

இதனால்தான் நிபுணர்கள் இவற்றை 'குறுகிய தூரத்தில் எழும்பி, செங்குத்தாக இறங்கும் விமானம்' என்கிறார்கள். இன்றைய எஃப்-35பி விமானமும் இதே வகைதான்.

கள்ளிக்குப்பம் மைதானத்தில் இறக்க முடியுமா?

வீடியோவில் பார்க்கும்போது, 'ஒரு காலி கிரவுண்டு போதுமே' என்று தோன்றும். உதாரணத்துக்கு, அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் ஒரு மைதானத்தில் இறக்குவதாக வைத்துக்கொள்வோம். இடம் போதும். ஆனால் மற்றதெல்லாம் பிரச்சினை.

கீழ்நோக்கிப் பாயும் சூடான வாயு மண்ணையும் கல்லையும் கிளப்பிவிடும். அதில் ஒரு சின்னக் கல் எஞ்சினுக்குள் போனாலும் கதை முடிந்தது. தரையில் மோதித் திரும்பும் சூடான வாயுவை எஞ்சினே மறுபடி உறிஞ்சினால் உந்துவிசை திடீரென்று குறையும். விமானம் தரையைத் தொட சில அடிகள் இருக்கும்போது இப்படி நடந்தால் தப்பிப்பது கஷ்டம். தார் போட்ட தளமும் தாங்காது. எஃப்-35பி இறங்கும் கப்பல்களின் தளத்துக்கே வெப்பம் தாங்கும் சிறப்புப் பூச்சு பூச வேண்டியிருந்தது. சுற்றியுள்ள வீடுகளின் ஷீட் கூரைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிரிட்டன் விமானப்படை ஜெர்மனியில் ஹாரியர்களைக் காடுகளுக்குள் மறைத்து வைத்துப் பயிற்சி செய்தபோது, இறங்கும் இடத்தில் உலோகத் தகடுகளை விரித்தது. எரிபொருள் லாரி, ஆயுத லாரி, மெக்கானிக்குகள், காவல் என்று பெரிய பட்டாளமே காட்டுக்குள் போக வேண்டியிருந்தது. ஓடுபாதையை மிச்சப்படுத்தலாம். மற்றச் செலவை மிச்சப்படுத்த முடியாது.

விலை கொடுத்த விமானிகள்

சீ ஹாரியரின் கண்ணாடிக்கு முன்னால், மூக்கின் மேல் ஒரு குட்டிக் காற்றுக்காட்டி இருக்கும். கோடிக்கணக்கில் விலையுள்ள ஜெட் விமானத்தில் இது எதற்கு? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று விமானி ஒரு நொடியில் தெரிந்துகொள்ள. மெதுவாக மிதக்கும் நேரத்தில் பக்கவாட்டிலிருந்து காற்று அடித்தால், விமானம் சட்டென்று உருண்டு கவிழ்ந்துவிடக்கூடும். தரைக்கு மிக அருகில் நடப்பதால் சுதாரிக்க நேரம் கிடையாது.

இந்த விமானத்தை ஓட்டுவது அவ்வளவு கடினம். ஒரு கை உந்துவிசையையும் குழாய்களின் கோணத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும், மறுகை விமானத்தை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். இருப்பதும் ஒரே எஞ்சின். மிதக்கும்போது அது நின்றால், சறுக்கி இறங்க வழியே இல்லை.

இந்தியா வாங்கிய சீ ஹாரியர்களில் பாதிக்கும் மேல் விபத்துகளில் போயின. விமானிகள் பலர் உயிரிழந்தனர். 2009 ஆகஸ்டில் கோவா அருகே கடலில் விழுந்த சீ ஹாரியரின் விமானியும் அவர்களில் ஒருவர். எல்லா விபத்துகளும் மிதக்கும்போது நடந்தவை அல்ல. ஆனால் விமானங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது, புதிதாக வாங்கவும் வழியில்லை.

இஸ்ரேல் ரேடாரும் டெர்பி ஏவுகணையும் பொருத்தி இருந்தவற்றின் ஆயுளை இந்தியா நீட்டித்தது. 2006-ல் பிரிட்டன் தன் சீ ஹாரியர்களை ஓய்வு கொடுத்து அனுப்பியபோது, அவற்றில் சிலவற்றை வாங்கவும் பேச்சு நடந்தது. கைகூடவில்லை. கடைசியில் 2016 மே 11-ம் தேதி கோவாவின் ஐ.என்.எஸ். ஹன்சா தளத்தில் சீ ஹாரியர்களுக்குப் பிரியாவிடை கொடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் 6-ம் தேதி விராட் கப்பலும் ஓய்வு பெற்றது. பிறகு குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைக்கப்பட்டது.

விக்ரமாதித்யாவின் தளத்தில் நடந்த விபத்து

இந்தியாவோடு இன்னொரு ஆச்சரியமான தொடர்பும் உண்டு. சோவியத் யூனியனும் செங்குத்தாக இறங்கும் விமானங்களைக் கட்டியது. முதலில் வந்த யாக்-38 விமானத்தில் விமானியின் பின்னால் தூக்குவதற்கென்றே 2 எஞ்சின்கள். வெயில் நாடுகளில் திணறியது. குறைந்த தூரமே பறந்தது.

அடுத்து வந்த யாக்-141 வேற லெவல். ஒலியைவிட வேகமாகப் பறக்கும், செங்குத்தாகவும் இறங்கும். 1991-ல் 12 உலக சாதனைகளைப் படைத்ததாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 26-ம் தேதி அட்மிரல் கோர்ஷ்கோவ் கப்பலில் முதல்முறையாக இறங்கியது. ஆனால் அக்டோபர் 5-ம் தேதி இறங்கும்போது தளத்தில் பலமாக மோதித் தீப்பிடித்தது. விமானி உயிர் தப்பினார். சில வாரங்களில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. பணம் இல்லாமல் திட்டமும் நின்றது.

அந்த அட்மிரல் கோர்ஷ்கோவ் கப்பல்தான் முழுசாக மாற்றிக் கட்டப்பட்டு, 2013 நவம்பர் 16-ம் தேதி ஐ.என்.எஸ். விக்ரமாதித்யாவாக இந்தியக் கடற்படையில் சேர்ந்தது! முன்பக்கத்தில் இருந்த ஏவுகணைகளை எடுத்துவிட்டு அங்கே ஸ்கை ஜம்ப் கட்டப்பட்டது. செங்குத்தாக இறங்கும் விமானங்களுக்காகப் பிறந்த கப்பலில் இன்று மிக்-29கே விமானங்கள் ஓடி எழும்பி, கம்பியில் கொக்கி மாட்டி இறங்குகின்றன.

எஃப்-35பி எப்படி வேறுபடுகிறது?

எஃப்-35பி விமானத்தில் விமானியின் இருக்கைக்குப் பின்னால் ஒரு பெரிய விசிறி படுத்த நிலையில் இருக்கிறது. இறங்கும்போது மேலே கதவு திறந்து, விசிறி காற்றைக் கீழே தள்ளும். பின்பக்கம் எஞ்சின் குழாய் அப்படியே வளைந்து கீழ்நோக்கித் திரும்பும். இறக்கைகளின் அடியில் சமநிலைக்கு இரண்டு சிறு குழாய்கள். மொத்தம் சுமார் 18 டன் தூக்கும் விசை. விசிறி தள்ளுவது குளிர்ந்த காற்று என்பதால், சூடான வாயுவை எஞ்சினே உறிஞ்சும் ஆபத்தும் குறைவு.

அந்த விசிறிக்குத் தனி எஞ்சின் கிடையாது. முக்கிய எஞ்சினிலிருந்து ஒரு தண்டு, கிளட்ச், கியர்பாக்ஸ் வழியாக ஏறத்தாழ 29,000 குதிரைத்திறன் போகிறது. அம்பத்தூர் வழியாக எக்ஸ்பிரஸ் ரயில்களை இழுத்துச் செல்லும் டபிள்யூ.ஏ.பி-7 மின் எஞ்சினின் திறன் சுமார் 6,000 குதிரைத்திறன். அப்படி 4, 5 எஞ்சின்களின் சக்தி, ஒரு போர் விமானத்துக்குள் இருக்கும் தண்டு வழியாக ஓடுகிறது!

இதன் சோதனை வடிவமான எக்ஸ்-35பி, 2001 ஜூலை 20-ம் தேதி ஒரே பயணத்தில் குறுகிய தூரத்தில் எழும்பி, ஒலியின் வேகத்தைத் தாண்டி, செங்குத்தாக இறங்கிக் காட்டியது. இதையெல்லாம் ஒரே பயணத்தில் செய்த முதல் விமானம் அதுதான்.

ஆனால் இத்தனை கதவுகள், தண்டுகள், குழாய்கள் இருந்தால் பழுதாகும் இடங்களும் கூடும். விசிறி இருக்கும் இடத்தில் மற்ற வகை எஃப்-35 விமானங்களுக்கு எரிபொருள் இருக்கும். அதனால் பி வகை பறக்கும் தூரமும் குறைவு, சுமக்கும் ஆயுதமும் குறைவு. செங்குத்தாக இறங்க முடியும் என்பதால் பழுது பார்க்காமல் பறந்துவிடவும் முடியாது. திருவனந்தபுரத்தில் நடந்தது அதுதான்.

இந்தியா ஏன் திரும்பிப் போகவில்லை?

முதல் காரணம், கப்பல்கள் பெரிதாகிவிட்டன. விக்ரமாதித்யாவும், 2022 செப்டம்பர் 2-ம் தேதி சேவையில் சேர்ந்த புதிய விக்ராந்தும் 40,000 டன்னுக்கு மேற்பட்டவை. சரிவில் ஓடி எழும்பி, கம்பியில் கொக்கி மாட்டி இறங்க இடம் இருக்கிறது. அப்படியிருக்க, தூக்கும் விசிறியையும் குழாய்களையும் விமானம் முழுக்கச் சுமந்து திரிவது வீண் பாரம். 2020 ஜனவரியில் கடற்படைத் தேஜஸ் விக்ரமாதித்யாவில் இறங்கிக் காட்டியது. 2025 ஏப்ரலில் 26 ரஃபேல் கடற்படை விமானங்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. எதுவுமே செங்குத்தாக இறங்கும் வகை அல்ல.

இரண்டாவது காரணம் எஞ்சின். செங்குத்தாக இறங்கும் விமானத்தில் எஞ்சின்தான் எல்லாமே. போர் விமானத்துக்கான சொந்த எஞ்சினாக காவேரியை உருவாக்க இந்தியா பல பத்தாண்டுகள் முயன்றும், தேஜஸ் இன்னும் அமெரிக்க எஞ்சினில்தான் பறக்கிறது. எஞ்சினை வெளியில் வாங்கும் நாடு, எஞ்சினையே முழுக்க நம்பியிருக்கும் விமானத்தை உருவாக்குவது கடினம்.

அதற்காக நம்மிடம் திறமை இல்லை என்று அர்த்தமில்லை. தேஜஸ் எஞ்சினோடு சேர்ந்து ஹைட்ராலிக் பம்ப், ஜெனரேட்டர் ஆகியவற்றை இயக்கும் கியர்பாக்ஸை உருவாக்கியது ஆவடியில் உள்ள சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம்தான். டாங்கிகளுக்குப் பெயர் பெற்ற இடம் அது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாம், 1950-களின் கடைசியில் தன் ஆரம்பகால அரசுப் பணியில் செங்குத்தாக எழும்பி இறங்கும் மேடை ஒன்றை வடிவமைத்ததாகத் தன் சுயசரிதையில் குறிப்பிட்டிருக்கிறார். ஹாரியரின் முன்னோடி கயிறு கட்டி எழும்பிய அதே காலகட்டம்!

இன்று சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான இ-பிளேன் நிறுவனம், செங்குத்தாக எழும்பி இறங்கும் மின்சாரக் குட்டி விமானத்தை உருவாக்கி வருகிறது. ஆம்புலன்ஸாகப் பயன்படுத்தும் திட்டமும் உண்டு. இதில் சூடான ஜெட் வாயு கிடையாது, மின் மோட்டாரில் சுழலும் விசிறிகள்தான். கள்ளிக்குப்பம் மாதிரி நெருக்கமான இடங்களுக்கு ஒருநாள் இப்படி ஏதாவது வந்து இறங்கினால், அது போர் விமானமாக இருக்காது, இந்த வகையாகத்தான் இருக்கும்.

யாருக்கு இன்னும் இது தேவை?

இடம் இல்லாதவர்களுக்கு. குட்டி நாடான சிங்கப்பூரில் ஓடுபாதைகளே சில. அவை தாக்கப்பட்டால் மாற்று இல்லை. அதனால்தான் அந்த நாடு 12 எஃப்-35பி விமானங்களை ஆர்டர் செய்திருக்கிறது. ஜப்பான் தன் இசுமோ வகைக் கப்பல்களை எஃப்-35பி இறங்குவதற்கு ஏற்ப மாற்றி வருகிறது. பெரிய கப்பல் வாங்க வசதியில்லாத, அல்லது பெரிய தளத்துக்கு இடமில்லாத நாடுகள்தான் இந்தக் கூடுதல் பாரத்தையும் செலவையும் ஏற்றுக்கொள்கின்றன. 1983-ல் இந்தியாவும் அந்த நிலையில்தான் இருந்தது.

ஒரு பார்வையில்

• 1957: ரையான் எக்ஸ்-13, ஜெட் விசையில் நிமிர்ந்து எழும்பி, படுத்துப் பறந்து, நிமிர்ந்தே இறங்கியது.
• 1960: பி.1127 கயிறு கட்டிய நிலையில் முதல்முறையாக எழும்பியது.
• 1969: ஹாரியர் பிரிட்டன் விமானப்படையில் சேர்ந்தது.
• 1983: முதல் சீ ஹாரியர்கள் கோவா வந்தன, விக்ராந்தில் இறங்கின.
• 1987: ஐ.என்.எஸ். விராட் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது.
• 1991: யாக்-141, பின்னாளில் விக்ரமாதித்யாவான கப்பலின் தளத்தில் விபத்துக்குள்ளானது.
• 2001: எக்ஸ்-35பி ஒரே பயணத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டி, செங்குத்தாக இறங்கியது.
• 2016: இந்தியாவின் சீ ஹாரியர்கள் ஓய்வு பெற்றன.
• 2025: திருவனந்தபுரத்தில் எஃப்-35பி 38 நாட்கள் நின்றது.